உக்ரைன் போர்: ஒரே சண்டைக்கு இரண்டு விளக்கம் ஏன்?

உக்ரைன் போர் பற்றிய டிவி விவாதம் எதைப் பார்த்தாலும் இரண்டு குரல்கள் கேட்கும். "நேட்டோ ரஷ்யாவின் வாசல்வரை போய் நின்றது, அதனால்தான் போர்" என்பார் ஒருவர். (நேட்டோ என்பது அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணி.) "பக்கத்து நாட்டை விழுங்கப் பார்ப்பது ஒரு சர்வாதிகாரி, இதில் நேட்டோ எங்கே வந்தது?" என்பார் இன்னொருவர். இருவரும் சொல்லும் தேதிகள் ஒன்று, சம்பவங்கள் ஒன்று, முடிவு மட்டும் எதிரெதிர். ஒருவர் ரஷ்ய ஆதரவு, மற்றவர் அமெரிக்க ஆதரவு என்று பிரித்துக்கொண்டு நாமும் சேனலை மாற்றிவிடுகிறோம்.

ஆதரவும் எதிர்ப்பும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த இரண்டு பேச்சுகளுக்கும் அடியில் சர்வதேச உறவுகள் என்ற படிப்பின் இரண்டு பழைய கோட்பாடுகள் கிடக்கின்றன. ஒன்று யதார்த்தவாதம், மற்றது தாராளவாதம். (1991-க்குப் பிறகு நாம் கேட்டுப் பழகிய பொருளாதார தாராளமயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இவை எதை எதிர்பார்க்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று தெரிந்தால் செய்தியைப் படிப்பது கொஞ்சம் எளிதாகும்.

## இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம்

பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டால் நமக்கு சர்வேயர் இருக்கிறார், போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. நாடுகளுக்கு அப்படி மேலே யாரும் இல்லை. ஐ.நா. இருக்கிறதே என்று கேட்கலாம். 2022 பிப்ரவரி 25 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாள், பாதுகாப்பு சபையில் ஒரு கண்டனத் தீர்மானம் வந்தது. 15 உறுப்பினர்களில் 11 பேர் ஆதரித்தார்கள். இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ரஷ்யா வீட்டோ போட்டது, தீர்மானம் செத்தது. அந்த மாதம் சபையின் தலைமை இருக்கையில் இருந்ததும் ரஷ்யாதான். அடுத்த மாதம் சர்வதேச நீதிமன்றம் ராணுவ நடவடிக்கையை நிறுத்தச் சொல்லி 13-க்கு 2 என்ற கணக்கில் இடைக்கால உத்தரவிட்டது. போர் நிற்கவில்லை.

இப்படி மேலதிகாரம் இல்லாத நிலையை இரண்டு கோட்பாடுகளும் ஒத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் நாடுகளால் என்ன செய்ய முடியும் என்பதில்தான் பிரிகின்றன.

## யதார்த்தவாதத்தின் கணக்கு

இந்த வகைச் சிந்தனையின் வேர் மிகப் பழையது. கி.மு. 416-ல் ஏதென்ஸ் படை மீலோஸ் என்ற சின்னத் தீவை முற்றுகையிட்டது. நாங்கள் யார் பக்கமும் சேராமல் இருக்கிறோம், எங்களை விட்டுவிடுங்கள் என்று தீவுக்காரர்கள் நியாயம் பேசினார்கள். சம பலம் உள்ளவர்களுக்கு இடையில்தான் நியாயப் பேச்சு, பலசாலி முடிந்ததைச் செய்வான், எளியவன் தாங்கிக்கொள்வான் என்பது ஏதென்ஸின் பதில். தீவு பணியவில்லை. கடைசியில் ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். இதை எழுதி வைத்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். நம் பக்கத்தில் அர்த்தசாஸ்திரத்தின் மண்டலக் கோட்பாடும் இதே வழியில் போகிறது: எல்லையை ஒட்டிய அரசன் இயல்பாகவே எதிரி, அவனுக்கு அப்பால் இருப்பவன் இயல்பாகவே நண்பன்.

20-ஆம் நூற்றாண்டில் அரசியல் அறிஞர் ஹான்ஸ் மார்கெந்தாவ் இதை மனித இயல்பின் அதிகார ஆசையில் நிறுத்தினார். கென்னத் வால்ட்ஸ் 1979-ல் மனித இயல்பைத் தள்ளிவைத்துவிட்டு, மேலே அதிகாரம் இல்லாத அமைப்பே நாடுகளை இப்படி நடக்க வைக்கிறது என்றார். வாதத்தின் படிகள் இவை:

1. எந்த அரசுக்கும் முதல் கவலை உயிர் பிழைப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

2. எதிரில் இருப்பவரின் மனதைப் படிக்க முடியாது, ஆயுதத்தை எண்ண முடியும். இன்று நல்லவராக இருக்கும் பக்கத்து நாட்டுத் தலைவர் நாளை மாறலாம், அவருடைய ஏவுகணைகள் அங்கேயேதான் இருக்கும்.

3. ஆபத்து வந்தால் யார் வருவார்கள் என்று தெரியாது. ஆகவே தன் கையே தனக்கு உதவி.

4. ஒரு நாடு தன் பாதுகாப்புக்காகச் செய்வது பக்கத்து நாட்டுக்கு மிரட்டலாகத் தெரியும். அவர்களும் பதிலுக்கு ஆயுதம் சேர்ப்பார்கள். கடைசியில் இரண்டு பேரும் முன்பைவிடப் பயத்தோடு இருப்பார்கள். யாரும் கெட்டவராக இல்லாமலே இது நடக்கலாம். 1914-க்கு முன் பிரிட்டனும் ஜெர்மனியும் நடத்திய போர்க்கப்பல் போட்டியை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். இதைப் பாதுகாப்புப் பொறி என்று வைத்துக்கொள்ளலாம்.

5. ஒருவர் அளவுக்கு மீறி வளர்ந்தால் மற்றவர்கள் கூடி எதிர் எடையாக நிற்பார்கள். அதிகாரச் சமநிலை என்பது இதுதான்.

இந்தப் பட்டியலில் ஜனநாயகமா, சர்வாதிகாரமா என்ற கேள்வியே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வால்ட்ஸின் கணக்கில் ஒரு நாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, வெளியே அதன் பலம் எவ்வளவு என்பதுதான் விஷயம். கோட்பாட்டின் வலிமையும் அங்கேதான், பலவீனமும் அங்கேதான்.

## தாராளவாதத்தின் மூன்று கயிறுகள்

மேலதிகாரம் இல்லாவிட்டாலும் நாடுகளைக் கட்டிவைக்கக் கயிறுகள் இருக்கின்றன என்பது தாராளவாதத்தின் நம்பிக்கை. 1795-ல் இம்மானுவேல் காண்ட் எழுதிய நிரந்தர அமைதி பற்றிய கட்டுரையில் இதன் விதை இருக்கிறது.

முதல் கயிறு ஜனநாயகம். போருக்குப் பணமும் உயிரும் கொடுக்கப் போகிற மக்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தால், அரசு எளிதில் போருக்குப் போகாது. முதிர்ந்த ஜனநாயகங்கள் ஒன்றோடொன்று போரிட்டது மிக அரிது என்று மைக்கேல் டாயில் 1983-ல் காட்டிய பிறகு இது பெரிய ஆய்வுத் துறையாகவே வளர்ந்தது. ஒன்றோடொன்று என்பதுதான் முக்கியம். ஜனநாயகங்கள் மற்ற நாடுகளோடு தாராளமாகவே போரிட்டிருக்கின்றன, இராக் நினைவில் இருக்கும்.

இரண்டாவது வணிகம். இதில் அதிகம் கேலி வாங்கியவர் நார்மன் ஏஞ்சல். தொழில்யுகத்தில் போரால் யாருக்கும் லாபமில்லை என்று அவர் 1910 வாக்கில் எழுதினார், 1914-ல் உலகப் போர் வெடித்தது. இன்றுவரை அவரை 'போரே வராது என்று சொன்ன மனிதர்' என்று சிரிக்கிறார்கள். அவர் சொன்னது அதுவல்ல. போர் வந்தால் வென்றவனும் நஷ்டப்படுவான் என்றார், அது அப்படியே நடந்தது.

மூன்றாவது அமைப்புகளும் ஒப்பந்தங்களும். இங்கேதான் தாராளவாதத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நாடுகள் நல்லெண்ணத்தோடு நடக்கும் என்ற கனவாக இதை நினைக்கிறார்கள். ராபர்ட் கியோஹேன் 1984-ல் வைத்த வாதம் சுயநலத்திலிருந்தே தொடங்குகிறது. நாடுகள் ஒத்துழைக்கத் தயங்குவது அடுத்தவர் ஏமாற்றிவிடுவாரோ என்ற பயத்தால். ஒரு அமைப்பு தகவலைப் பகிர வைத்து, ஏமாற்றுவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்பப் பேச வைத்தால் அந்தப் பயம் குறைகிறது. 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் அறிவித்த நிலக்கரி, எஃகு திட்டம் இந்த வகைதான். ஆயுதம் செய்யத் தேவையான இரண்டு பொருள்களை பிரான்சும் ஜெர்மனியும் ஒரு பொது அமைப்பின் கீழ் வைத்தால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாது. ஆறு நாடுகளோடு தொடங்கிய அதுதான் இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்.

நம் துணைக்கண்டத்திலும் ஒரு நல்ல உதாரணம் இருந்தது. 1960 செப்டம்பரில் உலக வங்கியின் நடுவாண்மையில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதி ஒப்பந்தம் கிழக்கு நதிகள் மூன்றை இந்தியாவுக்கும், மேற்கு நதிகள் மூன்றைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் கொடுத்தது. 1965, 1971, கார்கில் என்று எல்லாச் சண்டைகளையும் அது தாண்டி நின்றது. ஆனால் பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா அதை நிறுத்திவைத்தது. 65 ஆண்டு நின்றதைத் தாராளவாதி காட்டுவார், ஒரே நாளில் நிறுத்த முடிந்ததை யதார்த்தவாதி காட்டுவார்.

## உக்ரைனை யதார்த்தவாதி படிக்கும் விதம்

1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் இருந்தது. அவற்றை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது என்பது வேறு விஷயம். 1994 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் ஒரு பத்திரம் கையெழுத்தானது. உக்ரைன் அணு ஆயுதத்தை விட்டுக்கொடுக்கும், அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் உறுதி தரும். 1996-க்குள் எல்லா ஆயுதங்களும் ரஷ்யாவுக்குப் போயின. உறுதி தந்த ரஷ்யாவே 2014-ல் உக்ரைனின் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. மற்ற இருவரும் படை அனுப்பவில்லை, அந்தப் பத்திரத்தில் படை அனுப்பும் கடமையும் எழுதப்படவில்லை.

இன்று 'மேற்கு நாடுகள்தான் காரணம்' என்ற வாதத்துக்கு மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க யதார்த்தவாத அறிஞர் ஜான் மியர்ஷைமர், 1993-லேயே உக்ரைன் அணு ஆயுதத்தைக் கைவிடக் கூடாது என்று எழுதியவர். அவரைப் பகிர்கிறவர்கள் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். ரஷ்யா ஒருநாள் வரும், அன்று காகிதம் காக்காது என்பது அவர் கணக்கு.

அப்புறம் நேட்டோ. 1999-ல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு, 2004-ல் பால்டிக் நாடுகள் (எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா) உட்பட ஏழு நாடுகள் சேர்ந்தன. 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் உறுப்பினர்களாக ஆகும் என்று அறிவித்தார்கள். எப்போது என்று சொல்லவில்லை, அதுவரை யார் காப்பார்கள் என்றும் சொல்லவில்லை. ரஷ்யாவைச் சீண்டவும் செய்து, உக்ரைனைப் பாதுகாக்கவும் செய்யாத அந்த அறிவிப்பை இரண்டு கோட்பாடுகளின் அளவுகோலிலும் மோசமானது என்றே சொல்வேன். அதே ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போர் வந்தது.

பெரிய நாடு தன் கொல்லையில் அந்நியப் படையைப் பொறுக்காது என்பதற்கு யதார்த்தவாதி 1962 கியூபாவைக் காட்டுவார். சோவியத் ஏவுகணைகள் வந்ததும் அமெரிக்கா அணுப் போர் விளிம்புவரை போனது. நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தம் என்றால் மாகாண சபையும் அமைதிப்படையும் நினைவுக்கு வரும். அதோடு ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேயும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தரக்கூடாது என்று இருந்தது. அங்குள்ள வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்கள், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் பற்றியும் பேசப்பட்டது. தமிழர் உரிமைக்கான ஒப்பந்தமாகப் பேசப்பட்ட ஒன்றுக்குள் ஒரு சுத்தமான யதார்த்தவாதப் பக்கமும் இருந்தது.

## தாராளவாதி எங்கே இருந்து தொடங்குவார்?

அவர் வரைபடத்தை விட்டுவிட்டு நாடுகளுக்குள்ளே பார்ப்பார். 2013 நவம்பரில் உக்ரைன் அதிபர் யானுகோவிச் ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாட்டில் கையெழுத்திடாமல் பின்வாங்கினார். கீவ் நகரில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2014 பிப்ரவரியில் அவர் ஓடிப்போனார். சண்டை தொடங்கிய புள்ளி நேட்டோ அல்ல, ஒரு வணிக, அரசியல் உடன்பாடு. போலந்தையும் பால்டிக் நாடுகளையும் நேட்டோ தேடிப் போய் இழுக்கவில்லை, சோவியத் ஆதிக்கத்தின் பழைய அனுபவத்தால் அவையே கதவைத் தட்டின. 2021 ஜூலையில் புதின் எழுதிய நீண்ட கட்டுரையின் மையம் ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே மக்கள் என்பது. ஏவுகணைத் தூரம் பற்றிய கவலை அதில் மையமாக இல்லை. கேள்வி கேட்கப் பாராளுமன்றமோ சுதந்திரமான பத்திரிகையோ இல்லாத நாட்டில் ஒருவருடைய வரலாற்றுக் கற்பனை போராக மாற முடிந்தது என்பார் தாராளவாதி.

## எந்த இடத்தில் யார் சறுக்குகிறார்கள்

முதலில் தாராளவாதம், ஏனென்றால் அதன் சறுக்கல் வெளிப்படையானது. வணிகம் ரஷ்யாவை மாற்றும் என்று ஜெர்மனி பல பத்தாண்டுகள் நம்பியது. போருக்கு முன் அது இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2014-க்குப் பிறகும், பால்டிக் கடல் வழியாக ரஷ்ய எரிவாயு கொண்டுவரும் இரண்டாவது குழாய்த் திட்டத்தை முன்னெடுத்தார்கள். 2022-ல் அந்தக் கயிற்றால் ரஷ்யா கட்டப்படவில்லை, ஐரோப்பாவின் கழுத்தைத்தான் அது நெரித்தது. மறுபக்கம் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது அமைதிக்கான கயிறாகவும் இருக்கலாம், ஆயுதமாகவும் ஆகலாம் என்பதைப் பழைய தாராளவாதம் போதுமான அளவு யோசிக்கவில்லை. அதோடு, ஜனநாயக அமைதி என்ற வாதம் ஜனநாயகமும் சர்வாதிகாரமும் எதிரெதிரே நிற்கும்போது என்ன செய்வது என்று சொல்வதில்லை.

யதார்த்தவாதத்தின் சறுக்கல் இன்னும் சுவாரசியமானது. இரண்டு இடங்கள்.

ஒன்று, பின்லாந்து. 2023 ஏப்ரலில் அது நேட்டோவில் சேர்ந்தபோது ரஷ்யாவுக்கு நேட்டோவுடன் 1,300 கிலோமீட்டருக்கு மேல் புதிய நில எல்லை வந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அந்த எல்லைக்கு மிக அருகில். அடுத்த ஆண்டு ஸ்வீடனும் சேர்ந்தது. நேட்டோ நெருங்குவதுதான் போருக்குக் காரணம் என்றால் இங்கே பெரிய நெருக்கடி வெடித்திருக்க வேண்டும். மாஸ்கோ எச்சரித்தது, ராணுவ மாவட்டங்களை மாற்றி அமைத்தது, அவ்வளவுதான். யதார்த்தவாதிகளிடம் பதில் இல்லாமல் இல்லை. ரஷ்யாவின் கை உக்ரைனில் சிக்கியிருந்தது, பின்லாந்தைவிட உக்ரைன் அவர்களுக்கு முக்கியம் என்பார்கள். முதல் பதில் சரியாக இருக்கலாம். இரண்டாவது பதிலில்தான் சிக்கல். உக்ரைன் ஏன் அதிக முக்கியம் என்று கேட்டால் சமவெளியும் கருங்கடலும் பாதி விடை, மீதி விடை வரலாறு, மொழி, பழைய பேரரசின் நினைவு. அவையெல்லாம் இந்தக் கோட்பாடு கணக்கிலேயே எடுக்காதவை.

இரண்டாவது, கோட்பாடு தன்னையே முறித்துக்கொள்ளும் இடம். நாடுகள் எப்போதும் அதிகாரக் கணக்குப்படிதான் நடக்கும் என்கிறார் யதார்த்தவாதி. அதே மூச்சில், அமெரிக்கா தாராளவாத மயக்கத்தில் நேட்டோவை விரித்தது, அதுதான் தவறு என்கிறார். உலகின் மிக பலமான நாடு 30 ஆண்டுகள் மயக்கத்தில் இருக்க முடியுமென்றால், நாடுகள் அதிகாரக் கணக்குப்படிதான் நடக்கும் என்பது என்னாகிறது? எல்லா நாடுகளும் இப்படித்தான் நடக்கும் என்ற விளக்கமும், இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற அறிவுரையும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. அறிவுரையாக எடுத்துக்கொண்டால் யதார்த்தவாதத்துக்கு நல்ல மதிப்பு உண்டு என்பது என் எண்ணம். 2008 அறிவிப்பைப் போன்ற அரைகுறை வாக்குறுதிகளை அது சரியாகவே எச்சரித்தது. முழு விளக்கமாக எடுத்துக்கொண்டால்தான் ஓட்டை தெரிகிறது.

விவாதங்களில் அடிக்கடி நடக்கும் தாவலும் இங்கிருந்துதான் வருகிறது. 'ரஷ்யா பயந்தது' என்பது ஒரு விளக்கம். 'ஆகவே படையெடுத்தது நியாயம்' என்பது தீர்ப்பு. முதல் வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும் இரண்டாவது அதிலிருந்து பிறப்பதில்லை. எதிர்ப்பக்கத்திலும் இதே தாவல் உண்டு: படையெடுப்பு அநியாயம், ஆகவே நேட்டோ விரிவாக்கம் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்பார்கள்.

## இந்தியா எந்தப் பக்கம்?

2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தன, 5 எதிர்த்தன, 35 ஒதுங்கின. ஒதுங்கியவர்களில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. இந்தியாவின் அறிக்கைகளில் ஐ.நா. சாசனம், இறையாண்மை, எல்லைகளின் புனிதம் எல்லாம் வரும், அது தாராளவாதப் பேச்சு. போருக்கு முன் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யாவின் பங்கு 2023-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது, அது யதார்த்தவாதச் செயல். சீனாவுடனான 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு, ரஷ்ய ஆயுதங்களை நம்பியிருக்கும் ஒரு ராணுவம் ரஷ்யாவை முழுசாகச் சீனாவின் கைக்குத் தள்ள விரும்பாது என்பதும் கணக்கில் இருக்கிறது. அதற்கு விலையும் வந்தது. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. திருப்பூர் பின்னலாடையும் அந்த வரியில் அடங்கியது.

## பேச்சுவார்த்தைச் செய்தியில் எதைத் தேடுவது

எந்த அமைதித் திட்டம் வந்தாலும் அதில் இரண்டு அம்சங்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

1. பாதுகாப்பு உத்தரவாதம். இது யதார்த்தவாதக் கேள்வி. மறுபடி தாக்குதல் வந்தால் யார் படையோடு வருவார்கள், அதை எழுத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? ஒரு உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோவின் ஐந்தாவது பிரிவுகூட, ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று தோன்றும் உதவியைச் செய்யும் என்றுதான் சொல்கிறது. இதுவரை ஒரே முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அது பயன்பட்டது. அந்தப் பிரிவை நம்ப வைப்பது அதன் வாசகத்தைவிட எல்லை நாடுகளில் நிறுத்தியிருக்கும் கூட்டுப் படைகள்தான். 'ஐந்தாவது பிரிவு போன்ற' உத்தரவாதம் என்று செய்தி வந்தால், உக்ரைன் மண்ணில் யாருடைய வீரர்கள் நிற்பார்கள் என்ற வரியைத் தேட வேண்டும். அது இல்லாவிட்டால் 1994 புடாபெஸ்ட் பத்திரத்தின் புதுப் பதிப்பு.

2. ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர் தகுதி. இது தாராளவாதக் கேள்வி. 2022 ஜூனில் உக்ரைன் வேட்பாளர் நாடானது, 2024 ஜூனில் முறையான பேச்சு தொடங்கியது. நீதித்துறை, ஊழல் ஒழிப்பு, விவசாய மானியம் என்று நீளும் இந்தப் பேச்சு தலைப்புச் செய்தியாக வராது. இன்னொரு தடையும் உண்டு: புதிய உறுப்பினரைச் சேர்க்க இருக்கும் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும், ஒரே ஒரு நாடு மறுத்தாலும் கதவு திறக்காது.